ஆடவரும் லூபஸ் நோயும்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடமாதலின் திருமுக்கூடல் எனப் பெயர்பெற்ற சிற்றூர், காஞ்சிமாநகர்க்கு அண்மையில் உள்ளது. அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனது நெடிய கல்வெட்டொன்று காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், ‘வீரசோழன்’ என்னும் பெயரால் 15 படுக்கைகளையுடைய ஆதுலர்சாலையும் நடைபெற்றமையை அதனால் அறிகின்றோம். மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், பிணியாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கு நெல் அளக்கப்பட்டது. படுத்திருந்தார்க்கு அரிசியும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் தரப்பட்டன. அங்குப் பேணப்பட்டோர் மாணவரும் கோயிற் பணியாளருமாவர்.

இளைஞனும் நோயுறுவான் என்னும் இவ்வுணர்ச்சி, இன்று லூபஸ் நோயுற்ற ஆடவர்க்கு மிகவும் வேண்டப்படுவது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

லூபஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். கடித்தாற்போலத் தோலைச் சிதைக்கும் புண்களை முற்கால ஐரோப்பிய மருத்துவர் அப்பெயரால் வழங்கினர். கோட்டை காக்க நின்ற சேனை, பகைவரென மயங்கித் தன் நகரத்தாரையே வெட்டினால் என்னாகும்? அங்ஙனமே இந்நோயில் உடலின் காவலாற்றல் உடலுறுப்புக்களையே தாக்குகின்றது. கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி விரிந்தாற்போன்ற செந்தடிப்பு, மூட்டுவலி, நெடுநாட் காய்ச்சல், தீராத அயர்வு ஆகியன இதன் குறிகள். இஃது ஒட்டுவாரொட்டியன்று.

நோயுற்றோருள் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்டிர். பெண்டிர்க்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டும் ஆடவர்க்கு ஒன்றும் இருத்தல் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. எக்ஸ் ஒன்று மிகுந்து பிறக்கும் ஆடவர்க்கு, ஏனை ஆடவரினும் இந்நோய் பன்மடங்கு மிகுதியாக வருதல் அதனை வலியுறுத்தும்.

நிற்க. ‘பெண்டிர் நோய்’ என்னும் எண்ணமே ஆடவர்க்குத் தீங்காய் முடிகின்றது. முகச்சிவப்பை வெயிலென்றும், மூட்டுவலியை உழைப்பென்றும், அயர்வைச் சோம்பலென்றும் கொள்வதனால் காலம் கழிகின்றது. ஆடவர்க்கோ சிறுநீரகம் தாக்கப்படுதல் மிகுதி. அது வலியின்றியே கெடும். சிறுநீரில் நுரையும் காலில் வீக்கமும் காணின் தாழ்த்தலாகாது. 1948-ஆம் ஆண்டில் ஹார்கிரேவ்ஸ் முதலியோர் இந்நோய்க்குரிய அணுவை எலும்பு மச்சையில் கண்டறிந்தனர். இக்காலத்து இரத்தச் சோதனைகள் அவ்வாராய்ச்சியின் வழிவந்தவையே.

நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் கைவரவில்லை. அடக்கும் மருந்துகள் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு வழங்கிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் அவற்றுள் தலையாயது. கடுமையான மருந்துகளுட் சில மகப்பேற்றாற்றலைக் குறைக்கக்கூடும். ஆதலின் அவற்றைத் தொடங்குமுன் மருத்துவரை நாணாது வினவுதல் இளைஞர்க்கு இன்றியமையாதது.

மருந்தொன்றே போதுமோ? காஞ்சிப் பட்டுத்தறியில் அமர்வானுக்கு விரல் மடங்காவிடின் நாடா ஓடாது. வயலில் இறங்குவானுக்கு வெயிலே பகை. நிழலில் இரு என்பது எளிது. அன்று அவன் அடுப்பு எரிவது எவ்வாறு? திருமுக்கூடற் கல்வெட்டு, மருந்தோடு அரிசியையும் பேணுவாரையும் விளக்கையும் சேர்த்தே எண்ணியது. அவ்வெண்ணம் இன்றும் பழமையுற்றதன்று.

மாணவ நண்பர்காள்! உடன் பயில்வான் ஒருவன் அடிக்கடி அயர்ந்து, வெயிலஞ்சி ஒதுங்குவானாயின், அவனைச் சோம்பனென்று இகழாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வீராக. அவன் தவறவிட்ட பாடத்தையும் எழுதிக் கொடுப்பீராக.