கார் டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்?



திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து வரும்போது பெரம்பலூருக்கு முன்னதாக வரும் ஊர் பாடாலூர். இந்தச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது உளுந்தூர்ப்பேட்டை–பாடாலூர், பாடாலூர்–திருச்சி என்று பிரித்துத்தான் பணி செய்தார்கள். அந்த ஊரில் பஞ்சர் ஒட்டும் ஒருவர் எனக்கு ஒரு நாள் இயற்பியல் பாடம் நடத்தினார். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். அந்தப் பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என்னிடம் இருப்பது என் தகப்பனார் வாங்கிய பழைய அம்பாசிடர் கார். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் 1957 முதல் 2014 வரை உருவான வண்டி. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. அம்மாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்க் கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் சற்று அலைவது போலிருந்தது. காற்றுக் குறைவாக இருக்கும் என்று எண்ணி, பாடாலூரில் நிறுத்தினேன்.

கடைக்காரர் காற்றைச் சோதித்தார், சரியாகவே இருந்தது. பிறகு, "ஸ்டீயரிங்கை வலப் பக்கம் முழுசா ஒடிங்க சார்" என்றார். ஒடித்தேன். இடது முன்சக்கரத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தவர் என்னை இறங்கி வரச் சொன்னார்.

"வெளிப்பக்கம் பட்டன் நல்லா இருக்கு. உள்பக்கம் பாருங்க, நூல் தெரியுது. இதோட எண்பதுல போனீங்களா?"

டயரின் உள்விளிம்பில் ரப்பர் முற்றிலும் தேய்ந்து நைலான் இழைகள் வெளியே தெரிந்தன. நின்று கொண்டு பார்க்கும் எவருக்கும் அது தெரியாது. அந்த இடத்தில் டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, மெதுவாக வீடு திரும்பினோம்.

புது டயர் போட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் டயர் தேய்ந்தது விளைவு அல்லவா? காரணம் வண்டியிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புது டயரும் அதே வழியில் போகும். காரணத்தைத் தேடுமுன், முன்சக்கரங்கள் எப்படி நிறுத்தப்பட்டிருக்கின்றன என்று பார்ப்போம். அவை செங்குத்தாகவும் இணையாகவும் நிற்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அப்படி நிற்பதில்லை. மூன்று சிறு சாய்வுகள் அவற்றுக்கு உண்டு.

முதலாவது காஸ்டர். இதைப் புரிந்துகொள்ள உங்கள் சைக்கிளே போதும். கைப்பிடியை விட்டுவிட்டு, இருக்கையை மட்டும் பிடித்து முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் தானாகவே நேராக நிற்கும். இப்போது பின்னால் இழுங்கள். சக்கரம் சட்டென்று ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கோட்டை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய்த் தரையைத் தொடும். ஆகவே சக்கரம் அந்தப் புள்ளியால் இழுபடுவது போல் பின்தொடர்கிறது. காரிலும் சக்கரம் திரும்பும் அச்சு இப்படிப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராகத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் திரும்பி வராது, வண்டி அலையும். இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால், குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும். ஆனால் காஸ்டர் டயரை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. எனவே இதை ஒதுக்கி வைத்தேன்.

இரண்டாவது கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு இது. ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். நேராகப் போகாமல், குறுகிய அடிப்பக்கம் நோக்கி வளைந்து போகும். சாய்ந்து உருளும் சக்கரமும் ஒரு கூம்பின் துண்டு போலத்தான். தான் சாய்ந்த பக்கம் திரும்பவே பார்க்கும். பழைய டயரைக் குச்சியால் ஓட்டி விளையாடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காரில் இரண்டு சக்கரங்களும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். சாய்வு அளவுக்கு மீறினால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த விளிம்பு அதிகம் தேயும்.

மூன்றாவது டோ. மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்பக்கமும் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே குவிந்திருப்பது டோ-இன், விரிந்திருப்பது டோ-அவுட். நாம் நடக்கும்போது கால் விரல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது போல. பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் அம்பாசிடர் போன்ற கார்களில், தரையின் தடை முன்சக்கரங்களை ஓட்டத்தின்போது வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். அதனால் நிறுத்தியிருக்கும் நிலையில் சில மில்லிமீட்டர் உள்ளே குவித்து வைப்பார்கள். ஓடும்போது ஏறக்குறைய இணையாகிவிடும்.

கேம்பர் கோளாறும் உள்விளிம்பைத் தேய்க்கும்; டோ-அவுட்டும் உள்விளிம்பைத் தேய்க்கும். எனக்கு வந்தது எது? இதற்கு விரலே கருவி. கேம்பரால் சாய்ந்த சக்கரம் நேராகத்தான் உருள்கிறது. ஒரு விளிம்பில் எடை அதிகம், அவ்வளவே. அங்கே தேய்மானம் வழவழப்பாக இருக்கும். டோ தவறிய சக்கரமோ ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு வேறு திசையில் இழுபடுகிறது. அழிரப்பரைத் தாளின் மேல் ஒரே பக்கமாகத் தேய்த்தால் என்ன ஆகும்? ஒரு ஓரம் மழுங்கி, மறு ஓரம் கூராகும். டயரின் ஒவ்வொரு பட்டைக்கும் அதுவே நடக்கிறது. அரத்தைப் போல, ஒரு திசையில் தடவினால் வழுக்கும். எதிர்த்திசையில் விரலைப் பிடிக்கும். உள்ளிருந்து வெளியே தடவும்போது பிடித்தால் டோ-இன் மிகுதி. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது பிடித்தால் டோ-அவுட். (இழை வெளிவந்த இடத்தைத் தொடாதீர்கள், நவீன டயர்களில் அது எஃகுக் கம்பி, விரலைக் கிழிக்கும்.)

கழற்றிய டயரைத் தடவினேன். வெளியிலிருந்து உள்ளே வரும்போது பிடித்தது. வலது டயரிலும் அப்படியே, சற்றுக் குறைவாக. ஆக, டோ-அவுட்.

அடுத்த சனிக்கிழமை கல்லூரியின் சிமென்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, மாணவர்கள் சிலருடன் அளக்கத் தொடங்கினோம். கொத்தனாரின் தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி, அளவு நாடா. இவை தவிர வேறு கருவி இல்லை. ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டோம். சக்கரத்தின் மையம் உள்ள உயரத்தில், இரு டயர்களின் முன்பக்க நடுவிலும் ஒரு புள்ளி வைத்தோம். அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டு, தரையில் குறித்து, இடைத்தொலைவை அளந்தோம். பிறகு வண்டியைச் சக்கரம் அரைச் சுற்றுச் சுழலும்படி, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, முன்னால் தள்ளினோம். அதே புள்ளிகள் இப்போது பின்பக்கம், அதே உயரத்தில் வந்து நின்றன. மறுபடி அளந்தோம். அதே புள்ளிகளைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு: சக்கரத்தின் வட்டில் சற்று நெளிந்திருந்தாலும் அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாகவே வந்து கழிந்துவிடும்.

முன்பக்கத் தொலைவு பின்பக்கத்தைவிட 11 மி.மீ. அதிகம். டயரின் விட்டம் சுமார் 66 செ.மீ. ஆகவே இரு சக்கரங்களுக்கும் இடையே விரிந்த கோணம் 11/660, அதாவது 1/60 ரேடியன். கிட்டத்தட்ட ஒரு பாகை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அரைப் பாகை. அரைப் பாகையா, அது என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்தச் சக்கரம் பக்கவாட்டில் 1000/120, அதாவது சுமார் 8 மீட்டர் விலகிப் போகப் பார்க்கிறது. ஆனால் போக முடிவதில்லை. 10,000 கி.மீ. ஓடினால் 83 கி.மீ.! ரப்பர் வளைந்து கொடுப்பதால் இதில் ஒரு பகுதிதான் உண்மையான தேய்ப்பு. என்றாலும் நூல் வெளியே வந்ததில் வியப்பில்லை.

நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். "ஒரு தடவை அளந்தால் போதுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆய்வகத்தில் மூன்று முறை அளக்கச் சொல்பவன் நான்தானே! வண்டியைப் பின்னால் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தோம். 4 மி.மீ. வந்தது. மூன்றாம் முறை, ஒருவர் வண்டியை வேண்டுமென்றே பல மீட்டர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தபின் அளந்தோம். 10 மி.மீ.

நாடா மில்லிமீட்டர் காட்டுகிறது. எங்கள் குறிப்புகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிழை இருக்கலாம். ஆறேழு மில்லிமீட்டர் எப்படி வரும்? அளப்பவர் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. பிறகுதான் உறைத்தது. முன்னால் தள்ளியபின் விரிகிறது. பின்னால் தள்ளியபின் குறைகிறது. தரையின் தடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சக்கரம் நகர்ந்து கொள்கிறது. அப்படியானால் எங்கோ ஆட்டம் இருக்கிறது!

வீட்டுக்குப் போகவில்லை, பாடாலூருக்கே மெதுவாக ஓட்டிச் சென்றேன். கடைக்காரர் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கியில் நிறுத்தினார். (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நீங்களோ தூக்கிய வண்டியின் பக்கமே போக வேண்டாம். பெரியவர்கள் செய்வதைத் தள்ளி நின்று பாருங்கள்.) சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை, அங்கு ஆடினால் சக்கரத்தின் பேரிங்கையோ கிங்பின்னையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். இடது சக்கரம் 'டக், டக்' என்றது. "டை ராடு எண்டு போயிடுச்சு சார்." ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனையில் உள்ள குமிழ் மூட்டு அது. கிரீஸ் இல்லாமல் தேய்ந்து தளர்ந்திருந்தது. கிரீஸ் வைக்காதது என் சோம்பல்தான்.

"அண்ணே, முதல்ல அலைன்மெண்ட் பார்த்திருந்தா?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கலாம். அன்னிக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு. காசுதான் போயிருக்கும்."

இன்று பெரிய ஊர்களில் கேமராவும் கணினியும் கொண்டு சக்கரக் கோணங்களை மிக நுட்பமாக அளக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் தளர்ந்த மூட்டுள்ள வண்டியை அதில் ஏற்றினால், அந்த நொடியில் சக்கரம் எங்கே நிற்கிறதோ அந்தக் கோணத்தைத்தான் அது காட்டும். முதலில் காற்று, அடுத்து ஆட்டம், கடைசியாகவே கோணம். இந்த வரிசையை மாற்றினால் அளவுக்குப் பொருளே இல்லை.

வேறு சில கோளாறுகளும் அலைன்மெண்ட் என்ற பெயரில் வரும். இரு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாயிருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் சக்கரத்தின் எடைச் சமநிலையை முதலில் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்து, அந்தச் சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்திருப்பதால், கோளாறில்லாத வண்டியும் சற்று இடப்பக்கம் ஒதுங்கும். அதற்காக மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம்.

புது முனை மாட்டி, தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, இரண்டு புது டயர் போட்டோம். திங்கட்கிழமை அதே சிமென்டுத் தளத்தில் அதே மாணவர்கள் அளந்தார்கள். முன்னால் தள்ளியும் பின்னால் தள்ளியும் மூன்று முறை. டோ-இன் 2, 2, 3 மி.மீ. நூல் தெரிந்த அந்தப் பழைய டயர் இப்போது எங்கள் ஆய்வகத்தின் மூலையில் கிடக்கிறது. முதலாண்டு மாணவர்கள் வந்ததும், வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.