கொல்லைக் கொட்டகையும் சங்க விதியும்

உப்பலில் சொந்த வீடு கட்டிய நம்மவர் பலருக்கு, கொல்லையில் சைக்கிளும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்க ஒரு கொட்டகை வேண்டும். குடியிருப்போர் சங்க விதி தடுத்தால் சண்டை வேண்டாம், விதியைத் திருத்தலாம்.

1. சங்கம் 2001ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்து, துணைவிதி நகல் வாங்குங்கள்.

2. நீளம், உயரம், மதிலிலிருந்து தூரம், மழைநீர் விழும் பக்கம் ஆகியவற்றை அளவோடு எழுதுங்கள். ரயில் பாதையோரக் கட்டுமானத்துக்கும் இடைவெளி அளவு உண்டல்லவா?

3. அண்டை வீட்டாருக்குத் தெலுங்கிலும் நகல் கொடுங்கள். புரிந்தால்தான் கை உயரும்.

4. பொதுக்குழுத் தீர்மானத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 2012ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் (அரசாணை 168) காலியாக விடச் சொன்ன இடத்தில் கட்ட, எந்தச் சங்கமும் அனுமதி தர முடியாது.