கரிசல் மண்ணும் செயற்கைப் புல்லும்

கோவில்பட்டிக் கரிசலைக் கண்டவர்க்குப் புனே மண் புதிதன்று. தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து உண்டான கருமண் இங்கு உண்டு. அதில் மிகுந்திருப்பது 0.002 மில்லிமீட்டரினும் நுண்ணிய களித்துகள். நீர் பட்டால் அது உப்பி, துளைகளை அடைத்துக்கொள்ளும். கோடையிலே சுருங்கி வெடிக்கும். ஆகவேதான் ஆடி மழையில் விடுதி முற்றம் சேறாகிறது.

சேற்றின்மேல் செயற்கைப் புல்லை விரித்தால் குறை தீருமா? தீராது! 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பெற்றது. இன்று பிம்ப்ரியிலுள்ள மேஜர் தியான்சந்த் திடலிலும் அத்தரையே. இத்தகைய திடல்களில் அழகு மேலே; உழைப்பெல்லாம் அடியிலே.

முற்றத்திற்கும் முறை அதுவே. முதலில் அரையடி மண்ணை அகற்றி, 100 அடிக்கு 1 அடி சரிவு அமைக்க வேண்டும். அதன்மேல் நீர் கசியும் துணிவிரிப்பு. இல்லையேல் களி ஏறி ஜல்லியை அடைத்துவிடும். பிறகு தாழ்ந்த ஓரத்தில் துளைக்குழாய், மேலே இறுகிய ஜல்லி, கடைசியிலே புல். குழாயின் வாய் தாழ்வான வடிகாலில் முடிதல் வேண்டும். இன்றேல் நாம் தோண்டியது குளமே!

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நீரை வடிப்பது சரிவும் ஜல்லியும் குழாயுமே, புல்லன்று. பிளாஸ்டிக் புல்லோ சித்திரை வெயிலில் காலைச் சுடும். ஆகவே முதற்காசு வடிகாலுக்கே ஆகட்டும்!