படுத்தால் சுழலும் கண்: லேசர் எப்படிச் சமாளிக்கிறது?

மாணவர்களே, நீங்கள் கண்ணாடி அணிபவரா? பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கண்ணாடிக் கடையில் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ‘சிலிண்டர்’ என்று ஓர் எண்ணும், ‘ஆக்சிஸ்’ என்று 1 முதல் 180க்குள் ஓர் எண்ணும் இருந்தால், உங்களுக்குச் சிதறல் பார்வை உண்டு என்று பொருள்.

கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலம் கார்னியா. அது பந்தைப் போல எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். முட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் சேராது, எழுத்து மங்கும். வளைவு வேறுபாட்டின் அளவைச் சிலிண்டரும், அதன் திசையை ஆக்சிஸும் சொல்கின்றன.

கார்னியாவை லேசரால் செதுக்கியும் இதைச் சரிசெய்யலாம். இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். எக்சைமர் லேசரின் புறஊதாக் கதிர், சுற்றுப்புறத்தைச் சுடாமல் திசுவை நுட்பமாகச் செதுக்கும் என்று 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகியோரும் கண்டறிந்தனர். அவர்கள் முதலில் சோதித்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

ஆனால் ஒரு சிக்கல். கண்ணை அளப்பது உட்கார்ந்த நிலையில். அறுவை சிகிச்சை படுத்த நிலையில். ஒவ்வொரு கண்ணையும் அசைக்கும் ஆறு தசைகளில் இரண்டு சாய்தசைகள், கண்ணைக் கடிகார முள்போல் சுழற்றவும் வல்லவை. படுத்ததும் கண் சில பாகை சுழல்வதுண்டு. பலருக்கு 2 முதல் 4 பாகை. சிலருக்கு 10ஐயும் தாண்டும்.

இவ்வளவு சிறிய சுழற்சியால் என்ன ஆகிவிடும்? கணக்குப் போடுவோம். லேசரின் திசை θ பாகை தவறினால் மிஞ்சும் சிதறல், முதலில் இருந்ததைப்போல் 2 × சைன் θ மடங்கு. 5 பாகை தவறினால் 2 × 0.087 = 0.174. அதாவது, ஏறத்தாழ 17 விழுக்காடு குறை அப்படியே தங்கிவிடும்.

கண்மணியை மட்டும் பின்தொடரும் கேமரா இதற்குப் போதாது. கண்மணி வட்டமானது, வட்டம் சுழன்றால் தெரியாதல்லவா? அதனால் மருத்துவர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள்.

1. நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே கார்னியாவின் விளிம்பில் மையால் குறியிட்டு, படுத்தபின் அதைக்கொண்டு திசையைச் சரிசெய்வது.

2. உட்கார்ந்த நிலையில் ஐரிஸைப் படமெடுத்து வைப்பது. ஐரிஸின் கோடுகளும் புள்ளிகளும் கைரேகைபோல் தனித்தன்மை கொண்டவை. படுத்தபின் கணினி இரு படங்களையும் ஒப்பிட்டு, சுழன்ற கோணத்தைக் கண்டு, லேசர் செதுக்கும் வடிவத்தையும் அதே அளவு திருப்பிவிடும். சில கருவிகள் சிகிச்சையின் நடுவிலும் இதைக் கவனித்துத் திருத்துகின்றன.

செய்து பாருங்கள்: நண்பரின் கண்ணை ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் அருகே படமெடுங்கள். பிறகு அவர் தலையைத் தோளை நோக்கிச் சாய்த்ததும் மீண்டும் எடுங்கள். கண்ணின் இரு ஓரங்களையும் இணைத்துக் கோடு போட்டு, வெள்ளைப் பகுதியிலுள்ள ஒரு சிவப்பு இரத்தக்குழாயின் இடத்தை இரு படங்களிலும் ஒப்பிடுங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கமாகக் கண் சற்றுச் சுழன்றிருக்கும்.

சிந்திக்க: லேசரின் திசை 30 பாகை தவறினால் என்ன ஆகும்? சைன் 30 = 0.5. சிதறல் சற்றும் குறையாது. அதன் திசைதான் மாறும்!