குழந்தையின் பகலுணவுப் பெட்டி



மாலையில் பள்ளியிலிருந்து மீளும் குழந்தையின் உணவுப் பெட்டியைத் திறந்தால், காலையில் இட்ட சோறு இட்டபடியே இருக்கக் காண்பது தாய்மார் பலர்க்குப் புதிதன்று. எல்லா இல்லங்களிலும் உள்ள குறைதான் இது. ஆயினும் நம் இல்லங்களில் இதன் விளைவு பெரிது. ஏனையோர் வீட்டுப் பிள்ளை பகலில் உண்ணாவிடினும் இரவு எட்டு மணிக்கு வயிறார உண்டுவிடும். இரவுண்ணாமையைக் கைக்கொண்ட நம் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வழி இல்லை. கார்த்திகை மாதத்தில் நம் வட மாவட்டங்களில் 5.40 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். பள்ளி வண்டி ஐந்து மணிக்கு வாயிலில் வந்து நின்றால், கைகால் கழுவி அமர்ந்து உண்பதற்கு அரைமணி நேரமே எஞ்சுகிறது. காலையில் இரண்டு இட்டிலி, மாலையில் அவசரமாகச் சிறிதளவு, பின்னர் மறுநாட் காலைவரை ஒன்றுமில்லை என்றால் வளரும் உடல் எங்ஙனம் தாங்கும்? ஆதலால் சிராவகர் வீட்டுப் பிள்ளைக்கு நண்பகல் உணவே தலையாய உணவு.

இதனை எழுதத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. மூன்றாம் வகுப்புப் பயிலும் பெயர்த்தியின் பெட்டி சில வாரங்களாக வெறுமையாகவே மீண்டு வந்தது. பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தாலும் வெறும் பெட்டி. புடலங்காய் வைத்தாலும் வெறும் பெட்டி. உள்ளம் மகிழ்ந்திருந்தோம். உடன் பயிலும் பிள்ளையின் தாயார் பேச்சுவாக்கில் சொல்லத்தான் உண்மை தெரிந்தது. எம் சோறு குப்பைக் கூடைக்குப் போயிற்று. பெயர்த்தி அடுத்த பிள்ளையின் உருளைக்கிழங்கு வறுவலில் பங்கு கொண்டாள். கேட்டபோது இல்லவே இல்லை என்று சாதித்தாள். வீட்டில் ஒரு வாரம் கோபமும் அழுகையுமாகக் கழிந்தது.

கிழங்கைக் காட்டிலும் அந்தப் பொய்யே என்னை வருத்தியது. ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையை அடுத்து நிற்பது வாய்மை. முன்னதைக் காக்கும்பொருட்டு நாம் காட்டிய கடுமை, பின்னதை இழக்கும்படி அக்குழந்தையைச் செய்துவிட்டது. குப்பையில் கிடந்து புளித்த சோற்றில் பல்கும் உயிர்களை எண்ணினால், முன்னதையேனும் காத்தோம் என்று சொல்லவும் வாயில்லை.

கோபம் தணிந்தபின் அருகில் அமர்த்திக் கேட்டேன். “மதியம் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாய் இருக்கிறது பாட்டி” என்றாள். மறுநாள் காலை அவளுக்குக் கட்டிய அதே உணவை அதே அளவுள்ள மற்றொரு பெட்டியில் இட்டு மூடி வைத்தேன். பன்னிரண்டரை மணிக்குத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் திரண்ட ஆவி நீராய்ச் சொட்டியிருந்தது. சோறு இறுகிப் பாளமாகிவிட்டது. கூட்டின் நீர் முழுவதையும் சோறு குடித்துவிட, பீர்க்கங்காய் நிறமிழந்து கிடந்தது. இரண்டு கவளத்திற்குமேல் எனக்கே செல்லவில்லை. அன்றுதான் எம் பிழை விளங்கிற்று. நாங்கள் சமைத்தது காலை ஏழரை மணி நாவிற்கு. அவள் உண்பதோ ஐந்து மணி நேரம் கழித்து. சகோதரியர் ஒவ்வொருவரும் ஒரு நாளேனும் இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். பெட்டியின் மூடியைக் குழந்தையே திறக்க இயலுகிறதா என்பதையும் உடன் பாருங்கள். இறுக மூடும் பெட்டியைத் திறக்கமாட்டாமல் பசியோடு திரும்பும் சிறுவர் உண்டு. நாம் அதனை அடம் என்கிறோம்.

சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பின்னரே பெட்டியில் இடுதல் வேண்டும். இவ்வொன்றாலேயே பாதிக் குறை நீங்கும். அடுத்து, நேரம் செல்லச் செல்லச் சுவை கூடும் உணவுகளைத் தேர்தல் வேண்டும். புளியோதரை இதற்கு முதன்மையானது. உப்பும் புளிப்பும் சோற்றில் ஊற நான்கு மணி நேரமாகும். பெட்டியில் இருக்கும் நேரமே அதற்குப் பக்குவம். எள்ளுப்பொடிச் சாதமும் அவ்வாறே. பருப்புப்பொடிச் சாதத்திற்கு மார்கழியில் நெய் ஊற்றினால் உறைந்துவிடும்; நல்லெண்ணெய் நன்று. பொடிகளை மாதக் கணக்கில் அரைத்து வைப்பது நம் முறையன்று என்பதை அறிவீர்கள். மாவுப் பொருள்களுக்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் எனப் பெரியோர் வகுத்த எல்லை பொடிக்கும் பொருந்தும். சிறிது சிறிதாக வறுத்து அரைத்தால் மணமும் மிகும்.

எலுமிச்சைச் சாதத்திற்கு அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சாறு பிழிக. கொதியில் பிழிந்தால் கசக்கும். தேங்காய்ச் சாதமும் தேங்காய்த் துவையலும் சித்திரை வெயிலில் நண்பகலுக்குள் கெட்டுவிடும். அவற்றைத் தை மாசிக்கு ஒதுக்குக. தோசை ஆறினால் தோல்போல் ஆகிவிடும். இட்டிலியை இருபுறமும் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வைத்தால் மென்மை கெடாது. புளித்த மாவை விலக்கும் இல்லங்களில் அரிசி நொய்யால் செய்த பிடிகொழுக்கட்டை மிகவும் ஏற்றது. கையில் ஒட்டாது, விரைவில் உண்டு முடிக்கலாம்.

தயிர்ச்சோற்றைப் புளிக்கிறது என்று ஒதுக்கும் குழந்தைக்கு ஒரு வழி. ஒரு கிண்ணம் குழைந்த சோற்றில் முக்கால் கிண்ணம் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி மசித்து, இரண்டு தேக்கரண்டி தயிர் மட்டும் சேர்த்து மூடுக. நண்பகலில் அது புளிப்பின்றித் தோய்ந்து இருக்கும். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்தால் போதும். பருப்பு வகையோடு தயிரைக் கலவாத துவிதள நியமம் உள்ளவர்கள் உளுத்தம்பருப்பைத் தாளிப்பதில்லை. இஞ்சிக்குப் பதில் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி.

உருளைக்கிழங்கின் மேல் குழந்தைக்குள்ள ஆசையை என்செய்வது? வாழைக்காய் இருக்கிறது. முக்கால் பதம் வேகவைத்துத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் புரட்டி வறுத்தால், தோற்றத்தில் அடுத்த பிள்ளையின் பெட்டியிலுள்ளதற்கு இளைத்ததன்று. ஆறினால் சற்று இறுகும். அதனால் எண்ணெயைச் சிறிது தாராளமாக விடுக. வேகவைத்த வாழைக்காயைப் பட்டாணியுடன் மசித்துச் சப்பாத்திக்குள் பூரணமாகவும் வைக்கலாம். விலக்கியதைப் போன்ற ஒன்றைச் செய்து தருவது ஆசையை வளர்க்காதோ என்று பெரியவர்கள் சிலர் வினவுவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை விரும்புவது கிழங்கை அன்று. அடுத்திருப்பவர் உண்பதுபோல் தானும் உண்பதையே என்று இப்போது தோன்றுகிறது.

நாள்தோறும் புதிய உணவு தேடித் தாய் களைக்க வேண்டுவதில்லை. குழந்தை விரும்பும் ஒன்று பெட்டியில் நிறைய இருக்கட்டும். புதியது இரண்டு தேக்கரண்டி மட்டும் ஓரத்தில் இருக்கட்டும். ஒரு புதிய சுவை பழகுவதற்குப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகும் என்பது குழந்தை உணவை ஆய்ந்தோர் கண்டது. நாமோ இரண்டாம் நாளே ‘இவளுக்கு அவரைக்காய் ஆகாது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

விலக்குவதன் காரணத்தையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். ‘பாவம், உண்ணாதே’ என்பது காரணம் ஆகாது. அண்டை வீட்டில் முளைவிட்ட வெங்காயத்தையோ, ஒவ்வொரு கணுவிலும் தளிர் தோன்றும் இஞ்சியையோ காட்டுக. ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் என்னும் அனந்தகாயக் கொள்கை அப்போது குழந்தைக்கும் எட்டும். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் முள்ளங்கியையும் ஈர இஞ்சியையும் விலக்கச் சொல்லும்போது, பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது என்றே காரணம் காட்டுகிறார். கணக்குப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு இது புரியாததன்று.

கடைப் பண்டங்களில் விழிப்பு வேண்டும். 2001-ஆம் ஆண்டு தொடங்கி வந்த விதிகளால் உறைகளின்மீது பச்சைப் புள்ளி இடப்படுகிறது. அது முட்டையும் புலாலும் இல்லை என்பதற்கே உறுதி. வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகியவை உள்ள பண்டத்திற்கும் அதே பச்சைப் புள்ளிதான். அவ்விதியின்படி தேனும் சைவப் பொருளே. ஆகவே நூடுல்ஸ், சிப்ஸ், பிஸ்கட் உறைகளின் பின்புறமுள்ள சிற்றெழுத்துகளைப் படித்தே ஆகவேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையையே படிக்கச் சொல்லலாம். எம் பெயர்த்திக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்களை நீக்குவோர், ஊறிய பச்சைப்பயற்றை வேகவைத்துச் சுண்டலாகவும், உலர்திராட்சையும் முந்திரியும் இட்ட வெல்லச் சாதமாகவும் அனுப்பலாம். துணியால் வடித்த நீருக்கு எல்லை இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம். நன்கு கொதித்த நீருக்கு 24 மணி. எனவே பள்ளிக்குக் கொதித்தாறிய நீரே தகும்.

பெயர்த்திக்கு விரதம் என்று எதனையும் இப்போது நாங்கள் விதிக்கவில்லை. எட்டு ஆண்டு நிறைந்தபின் தானே உணர்ந்து ஏற்பதுதான் விரதம் என்பது நம் மரபு. உண்ணாததைக் கொட்டாமல் பெட்டியிலேயே கொண்டுவந்தால் கடிந்துகொள்ள மாட்டோம் என்று மட்டும் வாக்களித்தோம். சென்ற வாரம் வாழைக்காயும் சோறும் தீர்ந்திருந்தன. கொத்தவரங்காய் அப்படியே மீண்டு வந்தது. “கசக்கிறது பாட்டி, ஒன்றே ஒன்று தின்றேன்” என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஒன்றுதான் குறைந்திருந்தது.