பாடும் பாட்டும்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் எல்லை கூடும் இடத்தில் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது அது. அதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுதல் வேண்டும் என்பதைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். வலியவர் நல்ல இடங்களை வளைத்துக்கொள்ளாதபடி காப்பது அதுவே.

அவ்வூர் மாணவன் ஒருவன், தன் முன்னோர் கைக்கொண்ட இம்முறையைக் குறித்து நூல்கள் உளவோ என அறிய விரும்பி, நூலகத்தின் இணையவழிப் பட்டியலில் ‘பாடு’ என்று எழுதித் தேடுகின்றான் என்க. இசை நூல்களும் குழந்தைப் பாடல்களும் அணிவகுத்து வந்து நிற்கும். உழவர் படும் பாட்டைக் கூறும் கதையும் உடன் வரும். அவன் வேண்டிய நூல் ஆறாம் பக்கத்தில் கிடப்பின், அதுவரை புரட்டுவோர் யார்? நூலகத்தில் அஃது இல்லை என்றே எண்ணி அவன் எழுந்து சென்றுவிடுவான்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுமேயன்றிப் பொருளை உணராது. ஆதலின் நூல்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பதை நூலகத்தாரே அதற்குக் கற்பித்தல் வேண்டும். தேடிய சொல் தலைப்பில் வரின் இத்துணை மதிப்பு, பொருட்குறிப்பில் வரின் இத்துணை, அடிக்குறிப்பில் வரின் இத்துணை என வகுக்க இடமுண்டு. பல நூல்களில் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாய் வருவதற்கு மிகுதி. இக்கருத்தை 1972-இல் விளக்கியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர். எனவே ‘பழவேற்காடு பாடு’ என இரு சொல்லும் இட்டுத் தேடின், அரிய சொல்லாகிய ஊர்ப்பெயர் உரிய நூலை மேலேற்றும்.

ஆயின் தமிழுக்கெனத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘பழவேற்காடு’ என்பது உருபேற்குங்கால் ‘பழவேற்காட்டில்’ என டகரம் இரட்டும். நன்னூல் பயின்ற சிறுவரும் இதனை அறிவர். பொறியோ இரண்டையும் வேறு வேறு சொல்லாகக் கொள்ளும். உருபைக் களைந்து பகுதியைக் காணும் விதியை அதற்கு ஊட்டலாம். ஊட்டினும் விழிப்பு வேண்டும். ‘பாட்டில்’ என்பதைப் பிரித்தால் பாடும் வரும், பாட்டும் வரும். கண்ணாடிப் புட்டியும் அவற்றோடு வந்து சேரும்!

ஊர்ப்பெயரும் ஒன்றன்று. 1613-இல் அங்குக் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் ஒருவாறு எழுதினர். ஆங்கிலேயர் ‘புலிகாட்’ என்றனர். இப்பெயர்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்தாலன்றி, ஒன்றைத் தேடுவோருக்கு மற்றொன்று கிட்டாது.

படிப்போர் காலத்தைக் காத்தலை நூலக விதிகளுள் ஒன்றாக 1931-இலேயே வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த இரங்கநாதனார். பாடு முறையைப் பற்றி ஆங்கிலத்திலும் ஆய்வுகள் உள்ளன. அவற்றின் தலைப்பில் அச்சொல் தமிழ் எழுத்தில் இராது. பட்டியல் எழுதுவோர் ‘பாடு’, ‘மீன்பிடி உரிமை’, ‘பழவேற்காடு’ என மூன்றையும் பொருட்குறிப்பில் தமிழில் எழுதி, அக்குறிப்புக்கு உயர்ந்த மதிப்பும் அளிப்பாராயின், குப்பத்து மாணவன் தேடும் நூல் முதற்பக்கத்திலேயே வந்து நிற்கும்.