பழைய கணினி: ப்ராசஸரை எப்போது மாற்றலாம்?

பிள்ளைகளின் படிப்புக்கென்று வட்டித் தவணையில் புதுக் கணினி வாங்கும் முன், வீட்டிலிருப்பதை ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்.

வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நின்று, 'சிபியு' குறைவாக இருந்தால் குற்றம் ப்ராசஸருடையதல்ல. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டாலே, இன்ஷா அல்லாஹ், வேகம் வந்துவிடும். நாம் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. 'மெமரி' நிரம்பியிருந்தால் ரேமைக் கூட்டலாம்.

சிபியு ஓயாமல் 100-ஐத் தொட்டால், முதலில் ஃபேனிலுள்ள தூசியைத் தட்டுங்கள். சூடேறினாலும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சரியாகாவிட்டால்தான் மாற்றும் பேச்சு. இன்டெல் 2-ஆம் தலைமுறை ஐ3 இருக்கும் பல மதர்போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்தால் 3-ஆம் தலைமுறை ஐ5 பொருந்தும். பழைய பொருள் கடையிலேயே வாங்கலாம். அதைவிடப் புதியது வேண்டுமென்றால் போர்டும் மாற வேண்டும், பெரும்பாலும் ரேமும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல். ஆகவே அந்த ஐ5-ஐப் போட்டாலும் விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறாது. பாடம் படிக்கவும் விண்ணப்பம் போடவும் மட்டும் என்றால், லினக்ஸ் மின்ட்டை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம்.